அண்ணன் பக்கத்தில் நான் ஏன் இல்லை

1

போன வாரம் அம்மாவின் நினைவு நாள். காலையில் கைபேசியை எடுத்தால், குரோம்பேட்டையில் இருக்கும் என் அண்ணன் சேகரின் படம் உறவுக்காரர்கள் குழுவில் வந்து விழுந்திருந்தது. மூன்று மாதத்துக்கு முன் சீனப் பெருஞ்சுவரில் நடந்த மாரத்தானின் முடிவுக் கோட்டில் எடுத்த படம். அவனுடைய ஓட்டக் குழு நண்பர்கள் அதற்குப் பூவும் விளக்கும் வைத்து அலங்கரித்து, 'தாய்க்காக ஓடிய தனயன்' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அண்ணன் போட்டிருக்கும் டீ-சர்ட்டில் அம்மாவின் முகம் அச்சடித்திருக்கிறது. வியர்வையில் நனைந்து, ஒரு பக்கம் மடிந்து, அம்மா கோணலாகச் சிரிக்கிறாள்.

படத்தில் அண்ணன் காமிராவைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி எங்கோ பார்க்கிறான். வானத்தில் அம்மாவைப் பார்க்கிறான் என்று சித்தப்பா உருகியிருந்தார். தாம்பரத்தில் இருக்கும் பெரியம்மா மகள் ராணி அக்கா எனக்குத் தனியாகக் கேட்டிருந்தாள்: "ஏண்டி கலா, நீயும் அதே ரேஸ்ல ஓடினியாமே? ஒரு போட்டோல கூட உன்னக் காணோம். அண்ணனும் தங்கச்சியும் பக்கத்துல பக்கத்துல நின்னிருந்தா எவ்ளோ அழகா இருந்திருக்கும்!"

அழகாகத்தான் இருந்திருக்கும் அக்கா. அதனால்தான் நிற்கவில்லை.

குழுவில் இதை எழுதினால் சண்டை என்பார்கள். அதனால் கொஞ்சம் நீளமாக, ஊரில் இருக்கிற எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

2

அம்மா போனது ஒரு சனிக்கிழமை விடியற்காலை. அண்ணன் போன் செய்தபோது நான் சிங்கப்பூரில் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் கம்பெனியில் சனிக்கிழமை அரை நாள் உண்டு.

"கலா, அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே."

நான் கத்தினேனா, அழுதேனா, நினைவில்லை. வந்துவிடுகிறேன் என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

"நான் வந்துடறேண்ணா. இன்னிக்கே வந்துடறேன். எடுத்துடாதீங்க."

"நேரமாயிடும்மா. வெயிட் பண்ண முடியாது," என்றான். "பொழுது சாஞ்சா எடுக்க விட மாட்டாங்க, அப்புறம் நாளைக்குன்னு ஆயிடும். நான் மத்தியானமே முடிச்சுடறேன். நீ மெதுவா வா."

மெதுவாக வா. அம்மா செத்துக் கிடக்கிறாள், மகள் மெதுவாக வரலாம்.

நான் வழக்கமாக ஊருக்கு வருவது இரவு விமானத்தில்தான். அது மலிவு. சென்னையில் இறங்கும்போது ஊரே அடங்கியிருக்கும். அந்த விமானத்தில்தான் வருவேன் என்று அவனாகவே முடிவுகட்டிவிட்டான். எந்த பிளைட், எத்தனை மணிக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு மத்தியான விமானத்தில் இடம் கிடைத்தது. அதைச் சொல்லக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அண்ணியைக் கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. 'வந்துகிட்டே இருக்கேன், காத்திருங்க' என்று செய்தி அனுப்பினேன். அதையும் யாரும் பார்க்கவில்லை. இதற்கு நடுவில் என் அலுவலகத்தில், துக்க விடுப்புக்கு இறப்புச் சான்றிதழ் இணைக்க வேண்டும் என்று பதில் வந்தது. செத்து அரை நாள் ஆகவில்லை, சான்றிதழ் எங்கிருந்து வரும்?

மீனம்பாக்கத்தில் இறங்கி ஓடி வந்து ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் வெயில் பக்கவாட்டில் அடித்துக் கண் கூசியது. நான் அழுவதைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர், "இன்னாமா ஆச்சு? யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லியா?" என்றார். சொன்னேன். அதற்குப் பிறகு அவர் பல்லாவரம் சிக்னலில் நிற்கவே இல்லை.

வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வீடு கழுவி விட்டிருந்தது. அண்ணியின் தலை ஈரமாக இருந்தது. நாற்காலி வண்டி வந்ததுமே அண்ணன் அறைக்குள் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டானாம், நான் எப்போது வந்தேன் என்றே அவனுக்குத் தெரியாது. கூடத்தில் அம்மா கிடந்த இடத்தில் ஒரு விளக்கும் சொம்புத் தண்ணீரும் இருந்தன. மின் மயானம் என்பதால் மத்தியானமே எல்லாம் முடிந்து சாம்பல்கூட வந்துவிட்டது என்றார்கள்.

பெற்ற தாய்க்கு ஒரு மகள் கடைசியாகச் செய்ய முடிவது ஒன்றே ஒன்று. வாய்க்கரிசி. எங்கள் பக்கம் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை, வீட்டு வாசலோடு எங்கள் வேலை முடிந்தது. ஒரு பிடி அரிசியை எடுத்து வாயில் போட்டுவிட்டு முகத்தை ஒருமுறை தொட்டுப் பார்ப்போம். அவ்வளவுதான். யார் யாரோ போட்டிருந்தார்கள். மூன்றாவது வீட்டு அம்மா போட்டதாக என்னிடமே சொன்னார்.

நான் வெளியே வந்தபோது ஆட்டோக்காரர் இன்னும் போகாமல் நின்றிருந்தார். "எங்கயாச்சும் போணும்னா சொல்லுமா, நான் வெயிட் பண்றேன்," என்றார். எனக்குப் போக இடமில்லை. அந்த ஊரில் அன்று எனக்காகக் காத்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

இனிமேல்தான் விஷயமே. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் வரை போய்த் திரும்பும் ஓட்டப் பந்தயம். மாதக்கணக்கில் அண்ணன் அதற்காகப் பயிற்சி எடுத்திருந்தான். விடியுமுன் எழுந்து, கையில் கறுப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு போய் ஓடினான். தீட்டு வீட்டில் இதென்ன என்று சித்தப்பா கேட்டதற்கு, "அம்மாவுக்காகத்தான் ஓடறேன் சித்தப்பா," என்றான். வந்ததும் கிடைத்த மெடலை அம்மாவின் படத்தில், மாலைக்கு மேல் மாட்டினான். ஓட்டக் குழுவில் எல்லோரும் கண்ணீர் விட்டார்கள்.

பொழுது சாய்வதைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அன்றைக்கு அவனோடு பேசியிருந்தால் ஏதாவது ஆகியிருக்கும். நான் பேசவில்லை. சமையலறையில் அம்மா உப்பு போட்டுக் காயவைத்த நார்த்தங்காய் ஜாடி இருந்தது. அதை மட்டும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தேன்.

3

சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவன் அண்ணன். ஓட்டமும் அவனுக்கு ஒரு பதவி மாதிரிதான். அதற்கென்று தனிக் கடிகாரம், தனிக் கண்ணாடி, ஷூவுக்கென்று ஓர் அலமாரி. துக்கம் நடந்த மூன்றாம் வருஷம் வீடியோ அழைப்பில் பெருமையாகச் சொன்னான்: "அடுத்த வருஷம் சைனா வால் போறேன் கலா. உலகத்துலயே கஷ்டமான மாரத்தான்ல அதுவும் ஒண்ணு. வேணும்னா நீயும் மாப்பிள்ளையும் வாங்களேன். கீழ நின்னு போட்டோ எடுக்க ஆள் வேணும்."

அதுவரை நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடியதோடு சரி. அன்று சாயங்காலமே எங்கள் அடுக்குமாடியின் படிக்கட்டில் ஏறத் தொடங்கினேன். சிங்கப்பூரில் மலை கிடையாது, குன்று என்று சொல்லிக்கொள்ள ஒன்றிரண்டு உண்டு. ஆனால் ஊர் முழுக்க உயர உயரமான குடியிருப்புகள். கீழிருந்து மொட்டை மாடிக் கதவு வரை ஏறுவேன், இறங்குவேன், மறுபடி ஏறுவேன். முதல் மாதம் கழிப்பறையில் உட்காரும்போது சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அந்தக் கழுவிவிட்ட கூடத்தை நினைத்துக்கொள்வேன். கால் தானாகப் போகும். கோபத்தைப் போல நல்ல பயிற்சியாளர் கிடையாது, சம்பளமும் கேட்காது.

சில வாரத்தில் லிஃப்டில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். படிக்கட்டு அவசர காலத்துக்கு மட்டும், உடற்பயிற்சிக்கு அல்ல, மீறினால் நடவடிக்கை. யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். நான் குடியிருப்பைப் பராமரிக்கும் நகர மன்றத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். அவர்கள் வேறொரு துறைக்கு எழுதச் சொன்னார்கள். அந்தத் துறை, மறுபடி நகர மன்றத்தைக் கேட்கச் சொன்னது. இது முடிவதற்குள் நான் பக்கத்துப் பிளாக் படிக்கட்டுக்கு மாறிவிட்டேன்.

என் மகள் நிலாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. இங்கேயே பிறந்தவள். பாட்டி என்றால் அவளுக்குத் திரையில் பாதி நெற்றி மட்டும் தெரியும் ஒரு ஆள். அம்மா போன அன்று நான் ஊருக்குக் கிளம்பியபோது, "பாட்டி ஃபினிஷ் ஆயிட்டாங்களா மா?" என்று கேட்டாள். அவள் தமிழில் அதுதான் வந்தது. அறையலாம் போலிருந்தது, அறையவில்லை. இப்போது நான் வியர்த்து ஒழுக வீட்டுக்குள் வந்தால், "ஏன் மா இவ்ளோ கோவம்? ஓடறதுன்னா ஜாலி லா," என்பாள், சிங்கப்பூர்க்காரர்கள் மாதிரி 'லா' சேர்த்து.

"மாமாவ ஜெயிக்கணும்."

"ஜெயிச்சு?"

ஜெயித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நானும் ஓடுகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். சீன விசாவுக்கான விண்ணப்பத்தில் தாயார் பெயர், பிறந்த தேதி, இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டிருந்தார்கள். காலமானார் என்று நிரப்பினால் அந்தப் பெட்டி அதை ஏற்காமல் சிவப்பாக மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் கவுண்டரில் இருந்த பெண், 'இல்லத்தரசி' என்று போடுங்கள், போதும் என்றாள். போட்டேன். என் அம்மா இன்னமும் சீன அரசாங்கத்தின் கணக்கில் உயிரோடு சமைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சின்ன வயதில் சனிக்கிழமைகளில் அம்மா எங்களைத் திருநீர்மலைக்குக் கூட்டிப்போவாள். அண்ணன் திரும்பிப் பார்க்காமல் மலையேறிவிடுவான். எனக்கு மூச்சு வாங்கும். அம்மா பாதிப் படியில் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "வா, வா, நான் எங்கயும் போயிடல," என்பாள். நான் போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்த படியில் கால் வைப்பாள். அவளும் மகன் மாதிரி முன்னால் போயிருக்கலாம். போகவில்லை.

4

போட்டி அன்று காலை, மலைக்கு நடுவே ஒரு பழைய கோட்டையின் முற்றத்தில் கூடினோம். அண்ணன் இரண்டு டீ-சர்ட் கொண்டுவந்திருந்தான். இரண்டிலும் அம்மா. ஒன்றை என்னிடம் நீட்டினான்.

"இத போட்டுக்க. நான் முடிச்சுட்டு லைனுக்கு முன்னாடி உனக்காக வெயிட் பண்றேன். நீ வந்ததும் கை கோத்துகிட்டு ரெண்டு பேரும் ஒண்ணா க்ராஸ் பண்ணலாம். வீடியோ எடுக்க ஆள் சொல்லி வச்சிருக்கேன்."

எனக்காக வெயிட் பண்ணுவானாம். வீடியோவுக்காக. எனக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. சரிண்ணா என்று வாங்கிப் பைக்குள் திணித்துவிட்டு என் சாம்பல் நிறச் சட்டையிலேயே ஓடினேன்.

சுவர் என்றதும் ஊரில் எல்லோரும் மேலே சாலை மாதிரி இருக்கும் என்று நினைக்கிறார்கள். அது மலை முதுகில் ஏறி இறங்கும் படிக்கட்டு. ஒரு படி கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். பழக்கத்தில் கால் போகாது, ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். சில இடங்களில் ஆட்கள் கையையும் ஊன்றித் தவழ்கிறார்கள். தொடக்கத்தில் ஒருமுறை அதைக் கடக்க வேண்டும். அப்புறம் மலைக்குக் கீழே கிராமங்கள் வழியாக நீளமான ஓட்டம். கடைசியில் களைத்துப்போன காலோடு அதே சுவரில், எதிர்த்திசையில், மறுபடி ஏற வேண்டும். அந்த இரண்டாவது ஏற்றம்தான் ஆளைக் கொல்வது. அடிவாரத்தில் ஒரு வாசல் உண்டு, குறித்த நேரத்துக்குள் வராதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அண்ணன் தொடக்கத்திலேயே என் கண்ணில் இருந்து மறைந்துவிட்டான். கடற்கரைச் சாலையின் சமதரையில் ஓடிப் பழகிய கால், கிராமத்துத் தார் ரோட்டில் பறந்திருக்கும். நான் என் போக்கில் போனேன். ஊர்க் குழந்தைகள் ஓரத்தில் நின்று, "ஜியாயோ! ஜியாயோ!" என்று கத்தினார்கள். எண்ணெய் ஊற்று என்று அர்த்தமாம், நிலா சொல்லியிருந்தாள். எனக்கு எண்ணெய்க்குக் குறைவே இல்லை.

இரண்டாவது ஏற்றத்தில் கால்வாசி ஏறியிருப்பேன். ஒரு காவல் கோபுரத்தின் நிழலில், படியில் சாய்ந்து, ஒரு காலை நீட்டிக்கொண்டு அவன் கிடந்தான். கெண்டைக்கால் சதை கட்டிக்கொண்டு தனியாகத் துடித்தது. பக்கத்தில் உதவிக்கு நிற்கும் சீனப் பையன் ஒருவன் அந்தக் காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தான். தண்ணீர் இருந்தது, மேலே மருத்துவர் இருந்தார். ஆபத்து ஒன்றும் இல்லை. இதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைக் கொலைகாரி ஆக்காதீர்கள்.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "கலா! நல்லவேள. ஒரு அஞ்சு நிமிஷம் நில்லும்மா. கிராம்ப்பு. விட்டுடும். சேந்து போயிடலாம்."

நான் நின்றேன். இடுப்புப் பையைத் திறந்தேன். அதில் அம்மா போட்ட உப்பு நார்த்தங்காயின் கடைசித் துண்டு இருந்தது. கறுத்து, காய்ந்து, உப்புப் பூத்துப்போய். இந்தச் சதைப் பிடிப்புக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. அவன் பார்த்துக்கொண்டே இருக்க, அதை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன்.

"நேரமாயிடும்ணா," என்றேன். "வெயிட் பண்ண முடியாது. நீ மெதுவா வா."

அவனுக்கு அது எங்கே கேட்ட வார்த்தை என்று நினைவு வந்ததா, தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. நார்த்தங்காய் நாக்கில் ஊறிக்கொண்டே வந்தது. அவ்வளவு உயரமான படிகளை அவ்வளவு லேசாக நான் அதற்கு முன்னும் ஏறியதில்லை, அதற்குப் பின்னும் இல்லை. சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. பொய் சொல்ல என்ன இருக்கிறது?

கோட்டை முற்றத்தில் முடிவுக் கோட்டைத் தாண்டினேன். கழுத்தில் மெடல் போட்டார்கள். கூட்டத்தில் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓர் இந்தியர், "நீங்க சேகர் சாரோட சிஸ்டரா? வெயிட் பண்ணுங்க மேடம், சார் வந்ததும் ஒண்ணா எடுக்கணும்," என்றார். சேகர் சார் வர நேரமாகும் என்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் ஏறி ஓட்டலுக்கு வந்துவிட்டேன்.

5

அண்ணன் வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. ஓட்டல் வரவேற்பறையில் நான் காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் படியில் பக்கவாட்டாக, ஒவ்வொரு காலாக இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். கழுத்தில் மெடல் இருந்தது. எதிரில் இருந்த சோபாவில் பொத்தென்று விழுந்தான். சண்டைக்கு நான் தயாராக இருந்தேன். நாலு வருஷமாகச் சேர்த்துவைத்த வசனமெல்லாம் தொண்டையில் வரிசையாக நின்றது.

"ஏன் கலா," என்றான். கத்தவில்லை. "ஒரு அஞ்சு நிமிஷம் நின்னிருக்கலாம்ல?"

எனக்குக் காபி கையிலேயே நின்றுவிட்டது. நாலு வருஷமாக நான் அவனிடம் கேட்க நினைத்து, கேட்காமல் விழுங்கிய கேள்வி அது. அதே வார்த்தை. அதை அவன் வாயாலேயே என்னிடம் கேட்கிறான்.

காபியைக் கீழே வைத்தேன். அவனே பேசினான்.

"எல்லாருக்கும் யாராவது நின்னாங்க. பொண்டாட்டி, புள்ள, ஃபிரண்ட்ஸ். நான் உள்ள வந்து ஒன்னத் தேடறேன். நீ இருப்பேன்னே நெனச்சுட்டேன். எல்லாம் முடிஞ்சு போயிருக்கு கலா. நாற்காலியெல்லாம் அடுக்கி வண்டியில ஏத்திகிட்டு இருக்கான்..."

அங்கே நிறுத்தினான். வாய் திறந்தபடி இருந்தது. நாற்காலியை ஏற்றிய வண்டி எந்த வாசலில் நின்றது என்று அவனுக்கு ஞாபகம் வருவதை நான் நேராக உட்கார்ந்து பார்த்தேன். அவனை அதிலிருந்து தூக்கிவிட நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

டீ-சர்ட்டில் மடிந்து கிடந்த அம்மாவை அவன் கையால் நீவி நேராக்கினான்.

"மேல நீ வாயில போட்டது... நார்த்தங்காயா?"

"ஆமா."

"அம்மா போட்டதா?"

"கடைசித் துண்டு."

பிறகு, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"அன்னிக்கு நீ... நைட் பிளைட்லதான வந்த?"

"நைட் பிளைட் இல்லண்ணா," என்றேன். "நான் இறங்கும்போது வெயில் இருந்துச்சு."